செக்ரட்டரி: செயலாளரா, மந்திர ஓலையா?

கட்சிக்கு ஒரு செயலாளர், சங்கத்துக்கு ஒரு செயலாளர், கோட்டையில் துறைக்கு ஒரு செயலாளர். சொல்லைப் பிரித்தால் செயலை ஆள்பவர் என்று வரும். ஆனால் 'செக்ரட்டரி'க்குள் செயல் இல்லை; இருப்பது 'சீக்ரெட்'. லத்தீனில் 'செக்ரெட்டும்' என்றால் தனியே ஒதுக்கியது, மறைவானது. அந்த மறைவை நம்பி ஒப்படைக்கத் தக்க ஆள் 'செக்ரெட்டாரியுஸ்'. எழுத்து வேலை அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. ரகசியக் கடிதத்தை வேறு யாரை எழுதச் சொல்வது?

இந்தச் சொல்லுக்கு அதிகாரம் ஏறியது 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். பட்னியில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஒருவரின் மகன் தாமஸ் கிராம்வெல், 1534இல் எட்டாம் ஹென்றியின் முதன்மை செக்ரட்டரி ஆனார். அதுவரை பெரும்பாலும் அரண்மனை எழுத்து வேலையாக இருந்த பதவி, அவர் கையில் நாட்டையே நடத்தும் பதவியானது. 1540 ஏப்ரலில் எசெக்ஸ் பிரபு பட்டம், ஜூனில் கைது, ஜூலை 28இல் தலை போயிற்று. அதே நாளில் ஹென்றி அடுத்த கல்யாணத்தை முடித்துக்கொண்டார்.

ஹென்றியின் மகள் முதலாம் எலிசபெத் 1558இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் நாளே வில்லியம் செசிலை செக்ரட்டரியாக அமர்த்தினார். மறைவாகச் சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் என்னிடம் மட்டும் சொல், நானும் வாய் திறக்க மாட்டேன் என்பது அன்று அவர் செசிலிடம் சொன்னதன் சாரம். சொல்லின் வேர்ப்பொருளை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் சொல்லவில்லை. பின்னால் அதே பதவிக்கு வந்த பிரான்சிஸ் வால்சிங்கம் ஒற்றர்களை வைத்துப் பிறர் ரகசியங்களையும் திறந்தார். எலிசபெத்தின் காவலில் இருந்த ஸ்காட்லாந்தின் முன்னாள் ராணி மேரி பீர்ப் பீப்பாயில் ஒளித்து அனுப்பிய கடிதங்கள் அவருடைய ஆட்களிடம்தான் போய்ச் சேர்ந்தன.

பாவப்பட்டவர் இன்னொரு செக்ரட்டரி, வில்லியம் டேவிசன். 1587இல், அந்தக் கடிதங்களால் சிக்கிய மேரியின் மரண ஆணையில் எலிசபெத் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தார். ராணியிடம் மறுபடி கேட்காமல் ஆலோசனைச் சபை அதை அனுப்பிவிட்டது. பிப்ரவரி 8இல் மேரியின் தலை விழுந்தது. அனுப்பச் சொல்லவே இல்லை என்றார் ராணி. அந்தச் சபையில் முன்னின்ற செசில் சில காலம் ராணியின் முகத்தில் விழிக்க முடியாமல் இருந்தார், அவ்வளவுதான். டேவிசனுக்கோ லண்டன் கோபுரச் சிறையும் 10,000 மார்க் (அன்றைய இங்கிலாந்துப் பணக் கணக்கு) அபராதமும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முன்பு வழங்கிய 'காரியதரிசி' காரியத்தைப் பார்ப்பவர். 'செயலாளர்' அதன் தமிழ் வடிவம் போலத்தான். இரண்டிலும் ரகசியம் நழுவிவிட்டது. சோழர் கல்வெட்டுகளில் அரசன் வாய்மொழியாகச் சொன்ன ஆணையை எழுதியவர் 'திருமந்திர ஓலை'. அவருக்கு மேலே 'திருமந்திர ஓலை நாயகம்'. மந்திரம் என்றால் இங்கே அரசனின் மறைவான ஆலோசனை. மறைவும் எழுத்தும் ஒரே பெயரில்! செக்ரட்டரிக்கு இவ்வளவு நெருங்கிய சொல் வேறு எனக்குத் தெரியவில்லை.

அதற்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் போய் மந்திர ஓலை நாயகம் எங்கே என்று கேட்க முடியாது. அங்கே செயலாளரே சரி. கிராம்வெல்லை மட்டும் 'முதன்மைச் செயலாளர்' என்று எழுதாதீர்கள். நம்மூரில் அது ஐ.ஏ.எஸ். பதவி, படிப்பவர் கோப்பும் சுழல்விளக்கும்தான் நினைப்பார். நான் 'அரசரின் அந்தரங்கச் செயலர்' என்று எழுதுகிறேன்.