முயலின் சிறுநீர் சிவந்தால்: எப்போது பொறுக்கலாம், எப்போது ஓடி வர வேண்டும்

"டாக்டர், எங்க முயல் ரத்தமா ஒண்ணுக்குப் போகுது. உடனே வரட்டுமா?" காலை ஆறரை மணிக்கு வந்த அழைப்பு. பேசிய அம்மாவின் குரல் நடுங்கியது. பின்னாலேயே வாட்ஸ்அப்பில் படமும் வந்தது. வெள்ளை டைல்ஸ் தரையில் செங்கல்லைக் கரைத்து ஊற்றியது போல ஒரு திட்டு.

மூன்று கேள்விகள் கேட்டேன். காலையில் தீனி எடுத்ததா? திட்டு முழுக்க ஒரே நிறமா, இல்லை மஞ்சளுக்கு நடுவே சிவப்பாகக் கோடோ கட்டியோ தெரிகிறதா? முயல் ஆணா பெண்ணா, வயது என்ன? கொத்தமல்லியைக் காட்டியதுமே ஓடி வந்து தின்றதாம். ஒரே நிறம்தானாம். வயது எட்டு மாதம். "பதறாதீங்க, சாயங்காலம் கொஞ்சம் சிறுநீரைப் பிடிச்சு முயலோட வாங்க" என்றேன். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டையில் ரத்தம் இல்லை. மூன்றாம் நாள் பழைய மஞ்சள் நிறத்துக்குத் திரும்பிவிட்டது.

முயலின் சிறுநீருக்கு ஒரே நிறம் என்று கிடையாது. வெளிர்மஞ்சள், கடுந்தேநீர் நிறம், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு எல்லாமே நல்ல உடம்போடு இருக்கும் முயலிடம் வரலாம். தின்னும் செடிகளில் உள்ள நிறமிகளும், உடம்பிலேயே உண்டாகும் போர்ஃபைரின் என்ற நிறமியும் சிறுநீரில் கலந்து வெளியேறுவதுதான் காரணம். பீட்ரூட், கேரட், சில கீரைகள் தின்ற பின் இப்படி ஆகும். ஒரே கூண்டில் ஒரே கீரையைத் தின்ற இரண்டு முயல்களில் ஒன்றுக்குச் சிவக்கும், மற்றதற்கு மஞ்சளாகவே போகும். "ரெண்டும் ஒண்ணத்தானே சார் தின்னுச்சு?" என்று கேட்பார்கள். அப்படித்தான், முயலுக்கு முயல் மாறும். இரண்டு மூன்று நாளில் தானாகவே மாறிவிடும்.

வெள்ளையாகப் போனாலும் பயந்து வருகிறார்கள். மனிதன், நாய், பூனை இவற்றின் குடல் உடம்புக்குத் தேவையான அளவு சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தைத்தான், தீனியிலிருந்து எடுத்துக்கொள்ளும். முயலின் குடல் கொடுத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டும். மற்ற பாலூட்டிகளின் சிறுநீரில் 2 சதவீதத்துக்கும் குறைவாக வெளியேறும் கால்சியம், முயலிடம் 45 முதல் 60 சதவீதம் வரை அந்த வழியாகத்தான் போகிறது. அதனால்தான் கலங்கலாகப் போய், காய்ந்ததும் கோலமாவு சிந்தியது போலத் தரையில் படிகிறது. இது இயல்பு.

வளரும் குட்டிகளுக்கும், சினையாக இருக்கிற அல்லது பால் கொடுக்கிற தாய்க்கும் தெளிவாகப் போகும். அவற்றின் உடம்புக்கே சுண்ணாம்பு தேவைப்படுவதால் வெளியேற மிச்சமிருக்காது. ஆனால் எப்போதும் கலங்கலாகப் போகும் பெரிய முயலுக்குத் திடீரெனத் தண்ணீர் போலத் தெளிந்து போனால் கவனியுங்கள். தீனி எடுக்காத முயலுக்கும் அப்படி ஆகும். பார்க்கச் சுத்தமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

வெள்ளையிலும் ஒரு எல்லை உண்டு. பற்பசை போலக் கெட்டியாக வந்தால் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்பு வண்டலாகத் தேங்கியிருக்கிறது. நாளெல்லாம் கூண்டிலேயே கிடந்து கொழுத்த முயல், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் முயல், கடையில் விற்கும் பெல்லட் தீனியையும் குதிரை மசால் என்ற தீவனப் பயிரையுமே தின்று வளர்ந்த முயல் ஆகியவற்றில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். தமிழில் முயல் வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் இறைச்சிப் பண்ணைக்கு எழுதப்பட்டவை. அங்கே மூன்று மாதத்தில் இரண்டு கிலோ எடை வர வேண்டும், அதற்குக் குதிரை மசால் நல்ல தீனி. வீட்டு முயல் எட்டு, பத்து வருடம் வாழப்போகிறது. வளர்ந்த பின்னும் தினமும் குதிரை மசால், அகத்தி, முருங்கைக்கீரை என்று போட்டால் சுண்ணாம்பு அதிகமாகிவிடும். அருகம்புல், கோ-4 போன்ற புல்வகைகள்தான் முக்கால்வாசித் தீனியாக இருக்க வேண்டும். அதற்காகச் சுண்ணாம்பை அடியோடு நிறுத்தவும் கூடாது, முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை. தண்ணீரைச் சொட்டுக் குழாயில் கொடுப்பதைவிடக் கனமான மண் கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள், அதிகம் குடிக்கும்.

சரி, இவ்வளவு நேரம் பயத்தைப் போக்கத்தான் எழுதினேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

சில வருடங்களுக்கு முன்பு ஒருவர் போனில் இதே கேள்வியைக் கேட்டார். நான்கு வயது ஆண் முயல், நன்றாகத் தின்கிறது, சிறுநீர் மட்டும் சிவப்பு என்றார். "பீட்ரூட் குடுத்தீங்களா?" என்று கேட்டேன். கொடுத்ததாகச் சொன்னார். "அதுதான், ரெண்டு நாள்ல சரியாகிடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்னபடியே சரியானது. அப்புறம் திரும்ப வந்தது, திரும்ப நின்றது. இப்படியே மூன்று மாதம் ஓடியபின் முயலைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடம்பு இளைத்திருந்தது. திருப்பிப் பார்த்தால் அது பெண்! குட்டியாகச் சந்தையில் வாங்கும்போது ஆண் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வயதில் ஆணா பெண்ணா என்று பிரித்தறிவது பழகியவர்களுக்கே தவறும். அடிவயிற்றைத் தொட்டதும் கட்டி கட்டியாகக் கையில் பட்டது. கர்ப்பப்பைப் புற்று. எக்ஸ்ரேயில் நுரையீரலிலும் புள்ளிகள் தெரிந்தன. வலிக்கு மருந்து கொடுப்பதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. ஐந்து வாரம் இருந்தது. முதல் அழைப்பிலேயே நேரில் வரச் சொல்லியிருந்தால் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருந்திருக்கும். அன்றிலிருந்து இரண்டு வயது தாண்டிய முயலுக்கு, ஆண் என்று சொன்னாலும் சரி, போனில் பதில் சொல்வதில்லை.

கருத்தடை செய்யாத பெண் முயலுக்குக் கர்ப்பப்பைப் புற்று வருவது மிகவும் சாதாரணம். நான்கு வயதுக்கு மேற்பட்ட சில இனங்களில் 60 சதவீதம் வரை கண்டிருக்கிறார்கள். பண்ணைக்காரர்களிடம் கேட்டால் இப்படி ஒரு நோயே இல்லை என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பண்ணை முயல் அந்த வயதுவரை இருப்பதில்லை. புற்று இல்லாமலும் கர்ப்பப்பையில் ரத்தக்குழாய் புடைத்து வெடித்துக் கொட்டுவதுண்டு. அப்போது சிறிது நேரத்திலேயே ரத்தம் நிறையப் போய்விடும்.

"மாதவிலக்கா இருக்குமோ டாக்டர்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். முயலுக்கு மாதவிலக்கு கிடையாது. இனச்சேர்க்கை நடந்தால்தான் கருமுட்டையே வெளிவரும். பெண் முயலின் பின்பக்கத்தில் ரத்தம் கண்டால் அதற்கு இயல்பான விளக்கம் என்று எதுவுமே இல்லை. சினை முயலென்றால் கரு கலைவதாக இருக்கலாம், அதற்கும் உடனே வர வேண்டும்.

இனி, வீட்டிலேயே எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றி எடுங்கள். நிறமி என்றால் திட்டு முழுக்க ஒரே சாயமாக இருக்கும். ரத்தம் பெரும்பாலும் கோடாகவோ துளியாகவோ கட்டியாகவோ தனித்துத் தெரியும். கர்ப்பப்பையிலிருந்து வருவதென்றால் சிறுநீர் போய் முடிகிற நேரத்தில் சொட்டும், அல்லது சிறுநீர் இல்லாமலே கூண்டில் கறையாகக் கிடக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்கும் என்று சொல்கிறார்கள். ரத்தம் நுரைக்கும்தான், ஆனால் வேறு அழுக்குக்கும் நுரைக்கும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மருத்துவரிடம் இருக்கும் சோதனைப் பட்டைக்கு ஒரு நிமிடம் போதும். பிறகு நுண்ணோக்கியில் சிவப்பணு இருக்கிறதா என்று பார்ப்போம். இந்த ரத்தம் விட்டு விட்டு வரும் என்பதால், சிவப்பாக இருந்த அன்றே எடுத்த சிறுநீர்தான் பயன்படும். ஒருமுறை 'இல்லை' என்று வந்தாலும் வயதான பெண் முயலுக்கு ஸ்கேன் பார்த்துவிடச் சொல்கிறேன்.

நிறம் எதுவாக இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாத சில நிலைமைகள் உண்டு. முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராமல் இருப்பது, சொட்டுச் சொட்டாகப் போவது, முதுகைக் கூனிக்கொண்டு பல்லை நறநறவெனக் கடிப்பது, அரை நாளாக எதையும் தின்னாமல் புழுக்கையும் போடாமல் இருப்பது. ஆண் முயலின் சிறுநீர்ப் பாதை குறுகலானது, சிறு கல் கூட அடைத்துவிடும். முயல் வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி. அதுவே கூனி உட்கார்ந்துவிட்டால் வலி நாம் நினைப்பதைவிட அதிகம்.

கல் என்றதும் வாழைத்தண்டுச் சாறு புகட்டுகிறார்கள். முயலுக்கு வருவது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல், அது கரையாது. எடுத்தாக வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து, குழந்தைக்கு வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலின் சிரப்பை ஊற்றுவது. வாய் வழியாகப் போகும் பெனிசிலின் வகை மருந்து முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, சில நாளில் கழிச்சலில் கொண்டுபோய் முயலையே கொன்றுவிடும். சிறுநீர்த் தொந்தரவைத் தாங்கியிருக்கக்கூடிய முயல்களை இந்த மருந்துக்குப் பறிகொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பெண் முயல் வைத்திருப்பவர்கள் ஐந்தாறு மாத வயதுக்குப் பின், இரண்டு வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதைப் பற்றி யோசியுங்கள். நாய், பூனையைவிட முயலுக்கு மயக்க மருந்தில் ஆபத்து கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆகவே முயல்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரா என்று கேட்டுவிட்டுச் செல்லுங்கள். முதல் நாள் இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னால் காரணம் கேளுங்கள். மயக்கத்தில் வாந்தி வரக்கூடாது என்றுதான் மற்ற பிராணிகளைப் பட்டினி போடுவது; முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது, பட்டினிதான் அதற்குக் கேடு.

சிறுநீர் மாதிரி எடுப்பது எளிது. முயல் சிறுநீர் கழிக்கும் தட்டைக் கழுவித் துடைத்து, வைக்கோல் எதுவும் போடாமல் சுத்தமாக வையுங்கள். போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி மூடி போட்ட குப்பியில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு வாருங்கள், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். கூண்டில் கிடந்த கறையைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகத் தின்னும் புல் ஒரு பிடி கூடையில் இருக்கட்டும். ஜோடி முயல் இருந்தால் அதையும் சேர்த்தே கூட்டி வாருங்கள், பக்கத்தில் அது இருந்தால் பயம் குறைந்து, வந்த இடத்திலும் நாலு வாய் தின்னும்.