பையனுக்கு அரிய பெயர் வைக்கிறீர்களா? பெங்களூரில் பிறப்புப் பதிவு நடக்கும் விதம்

டிஸ்சார்ஜ் ஆகும் நாள் காலையில் ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தை நீட்டி, "மகு ஹெசரேனு?" (குழந்தை பெயர் என்ன?) என்று கன்னடத்தில் கேட்பார்கள். குழந்தையின் அம்மா இன்னும் எழுந்து நடக்கவே சிரமப்படுவாள், அப்பா பில் கட்டும் வரிசையில் நிற்பார். பெயர் முடிவாகியிருக்காது. தாத்தா ஒன்று சொல்லியிருப்பார், பிறந்த நட்சத்திரத்துக்கு வேறு எழுத்து வந்திருக்கும். அந்த அவசரத்தில் வாயில் வந்த பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வருடக்கணக்கில் அலைந்த குடும்பங்களை அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்ததை 21 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் தெரிவிக்கும் பொறுப்பு ஆஸ்பத்திரிக்கு. பிறப்பைப் பதிவது ஒரு வேலை, பெயரைப் பதிவது இன்னொரு வேலை. சட்டத்தின் 14ஆம் பிரிவு இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. படிவத்திலேயே, பெயர் வைக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று குறிப்பு இருக்கும். அப்படி விட்டால், பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெற்றோர் போய்ப் பெயரைச் சேர்க்கலாம். கட்டணம் கிடையாது. 12 மாதம் தாண்டினால் தாமதக் கட்டணம் கட்டி, 15 வருடம் வரை சேர்க்கலாம். பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ தொட்டில் போட்டு, காதில் மூன்று முறை பெயர் சொல்லி, அதற்கப்புறம் நிதானமாகப் பதிவாளரிடம் போக இது தாராளமான அவகாசம்.

பிறப்புச் சான்றிதழைத் தாய் வீடு திரும்பும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று 2025 ஜூனில் இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்காகப் பெயரையும் அன்றே சொல்ல வேண்டும் என்று பதறாதீர்கள். பெயர் இல்லாத சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள், பெயரைப் பின்னால் சேர்க்கலாம். ஆனால் பிறப்பைப் பதியாமல் விட்டால்தான் சிக்கல். 21 நாள் கடந்து 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்கு மேல் ஒரு வருடம் வரை மாவட்டப் பதிவாளரின் அனுமதி வேண்டும். ஒரு வருடமும் தாண்டினால் மாவட்ட ஆட்சியரோ, உதவி ஆட்சியரோ, மாவட்ட ஆட்சியர் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட்டோ உத்தரவு போட வேண்டியிருக்கும்.

சரி, "இந்தப் பெயரை எல்லாம் ஒத்துக்கொள்வார்களா?" என்று பலரும் கேட்கிறார்கள். ஐஸ்லாந்து போன்ற நாட்டில் பெயர்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. நம் பிறப்புப் பதிவுச் சட்டத்தில் அனுமதித்த பெயர்ப் பட்டியலும் இல்லை, தடைப்பட்டியலும் இல்லை. ஓரி, பாரி, அதியன், இளம்பரிதி, நெடுஞ்செழியன் என எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பெயர் புதிதாக இருக்கிறது என்பதற்காகப் பதிவாளர் மறுக்க முடியாது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பின்னால் வந்தே தீர வேண்டும் என்ற விதியும் இல்லை.

என் தம்பி தன் பையனுக்கு எழினி என்று வைத்தான். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி, ஔவையார் புறநானூற்றில் பாடிய பிள்ளை. ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டினால் வரும் தர்மபுரிதான் அந்தத் தகடூர். "என்னடா, பொம்பளப் புள்ள பேரு மாதிரி இருக்கே?" என்று அத்தை கேட்டார். கதையைச் சொன்னதும் அவரே அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எங்களுக்குச் சிக்கல் வந்தது ழகரத்தில்.

கர்நாடகத்தில் பிறப்புப் பதிவுகள் இ-ஜன்மா என்ற கணினி அமைப்பில் ஏறுகின்றன. சான்றிதழ் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும், தமிழ் இருக்காது. கன்னடத்தில் இன்று ழகரம் இல்லை. பழைய கன்னடத்தில் அந்த எழுத்து இருந்தது, பிறகு வழக்கொழிந்துபோனது. அதனால் எழினியைக் கன்னடத்தில் ளகரம் போட்டு 'எளினி' என்று எழுதுவதுதான் நெருக்கம். எங்களுக்கு வந்த சான்றிதழில் 'எலினி' என்று இருந்தது. ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டிருந்தார்கள், கன்னடத்தில் மட்டும் லகரம். வீட்டில் ஒருவருக்கும் கன்னடம் வாசிக்க வராததால் ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டோம். நான்கு வருடம் கழித்துப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியை வாசித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது.

ழகரம் மட்டுமல்ல, வல்லினத்தையும் கவனியுங்கள். தமிழில் 'பல்', 'பஸ்' இரண்டுக்கும் ஒரே பகரம்தான். கன்னடத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. கபிலன் என்று நாம் எழுதுகிறோம், சொல்லும்போது நடுவில் 'பஸ்'ஸின் பகரம் வருகிறது. கன்னடக்காரருக்கு 'பல்'லின் பகரம் வரும் கபிலரைத்தான் தெரியும் என்பதால் அதையே அடித்துவிடுவார். அதியனுக்கும் இதே கதை. 'தயிர்' சொல்லும் தகரமா, 'தினம்' சொல்லும் தகரமா என்று கன்னடம் கேட்கும், ஆங்கிலத்தில் அதுவே th போடுவதா, dh போடுவதா என்று இன்னொரு கேள்வியாக வரும். இதை நீங்களே முன்கூட்டி முடிவு செய்து, கன்னடம் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்கி, கையோடு கொண்டு போங்கள். வாயால் சொல்லாதீர்கள்.

பெயர் சேர்க்கப் போகும்போது பெயரில்லாத சான்றிதழ் அல்லது பதிவு எண், டிஸ்சார்ஜ் சம்மரி, இருவரின் ஆதார் நகல், இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எந்த அலுவலகம் என்பதைக் குழந்தை பிறந்த இடமே முடிவு செய்யும். வீடு ஒயிட்ஃபீல்டில் இருந்து பிரசவம் சிவாஜிநகரில் நடந்திருந்தால் சிவாஜிநகருக்கான பதிவாளரிடம்தான் போக வேண்டும். தாய்வீட்டுப் பிரசவமாகச் சேலத்திலோ வேலூரிலோ பிறந்திருந்தால் பதிவும் அங்கேதான். அந்தச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும், ழகரம் பத்திரமாக இருக்கும்.

இனிஷியல் பற்றியும் யோசித்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். சான்றிதழிலேயே அப்பாவின் அல்லது அம்மாவின் முழுப்பெயரைச் சேர்த்து எழுதிவிட்டால் பின்னால் வித்தியாசம் வராது. ஒற்றைச் சொல்லாகப் பெயர் இருக்கும்போது வெளிநாட்டில் சங்கடம் வருவதுண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு வருபவர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது நினைவிருக்கலாம்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாம் இதைப் பார்த்துத்தான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கும் நீல நிற ஆதாரும் இதன் அடிப்படையில்தான் எடுக்கப்படுகிறது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் சான்றிதழில் எழுத்து சரியான பிறகே ஆதார் எடுங்கள்.

ஒருமுறை ஏறிய பெயரை மாற்றலாமா? பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பிழை திருத்த மட்டுமே. பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தத்தைக் குறித்துக் கையெழுத்திடுவார்கள். எழுத்துப் பிழைக்கு இது போதும். மனம் மாறி வேறு பெயரே வைக்க நினைப்பவர்களுக்கு 2025 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. பெற்றோர் உறுதிமொழிப் பத்திரத்தோடு கேட்டால் பதிவாளர் மாற்றலாம், பழைய பெயர் புதிய பெயர் இரண்டும் பதிவேட்டில் தெரிய வேண்டும், சட்டமன்றம் தனி விதி கொண்டுவரும் வரை இப்படிச் செய்யலாம் என்றது அந்தத் தீர்ப்பு. முதலில் வைத்த பெயரும் பதிவில் கூடவே நிற்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எழினிக்குத் திருத்தம் போதுமானதாக இருந்தது. அந்த ஆசிரியையே ஒரு துண்டுக் காகிதத்தில் ளகரத்தைப் பெரிதாக எழுதி, அதன் அடியில் கோடும் போட்டுக் கொடுத்தார். தம்பி அதை விண்ணப்பத்தோடு பின் குத்திக் கொடுத்தான். இரண்டாவது முறை போனபோது அச்சிடும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, காகிதத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சரி என்று தலையாட்டினான்.