எரிபொருள் டேங்கில் ஒரு வீடு

ராக்கெட் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அடுக்குகள்; எரிபொருள் தீர்ந்த அடுக்கு பெரும்பாலும் கடலில் விழும் அல்லது வளிமண்டலத்தில் எரியும், இல்லையென்றால் குப்பையாகப் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கு இதில் மனசே ஆறாது. விண்வெளி நிலையத்துக்கு முதலில் வேண்டியது காற்று கசியாத, அழுத்தம் தாங்கும் பெரிய கூடு. காலி டேங்க் அதேதானே? மேலே ஏற்றிய செலவும் முடிந்துவிட்டது.

1960களில் ராக்கெட் பொறியாளர் வெர்னர் வான் பிரவுனும் நாசாவும் இதை உண்மையாகவே திட்டமிட்டார்கள். சாட்டர்ன் 1பி ராக்கெட்டின் மேல் அடுக்கு 6.6 மீட்டர் விட்டம் கொண்டது. அது சுற்றுப்பாதைக்குப் போனதும் மிச்சமிருக்கும் எரிபொருளான ஹைட்ரஜனை வெளியே திறந்துவிட்டு, டேங்கில் சுவாசிக்கும் காற்றை நிரப்பி, வீரர்கள் உள்ளே குடிபோக வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், திரவ ஹைட்ரஜனின் குளிர் மைனஸ் 253 டிகிரி. விளக்கு, மின்விசிறி, துணி எதையும் அதில் ஊறவைத்து அனுப்ப முடியாது. தரையை மட்டும் முன்கூட்டியே பொருத்தலாம், அதுவும் எரிபொருள் தடையில்லாமல் ஓட முழுக்க ஓட்டைகளோடு. மற்றதையெல்லாம் வீரர்களே சுமந்துபோய் மாட்ட வேண்டும், எடையற்ற நிலையில் பிடிமானம் இல்லாமல் ஒரு திருகாணியை முடுக்கினால் ஆளும் சேர்ந்து சுழல்வார். தண்ணீர்த் தொட்டியில் ஒத்திகை பார்த்தபோதே இந்தச் சிரமம் தெரிந்துவிட்டது.

அப்புறம் 1969இல், நிலவுக்கு ஆளனுப்பிய பெரிய ராக்கெட்டான சாட்டர்ன் 5 ஒன்றை இதற்கே ஒதுக்கினார்கள். அதன் கீழ் இரண்டு அடுக்குகளே பாரத்தைத் தூக்கிவிடும் என்பதால் மேலே வைத்த அதே மேல் அடுக்கின் டேங்கில் எரிபொருளே வேண்டாம், எல்லாவற்றையும் தரையிலேயே மாட்டலாம். 1973 மே 14 அன்று ஏவிய, அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையமான ஸ்கைலேப் அதுதான். பழைய திட்டத்தின் ஓட்டைத் தரை அப்படியே தங்கிவிட்டது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது: தரையெங்கும் முக்கோண ஓட்டைகள், வீரர்களின் ஷூவுக்கு அடியில் ஒரு முக்கோணத் துண்டு, அதை ஓட்டையில் நுழைத்துக் காலைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், நிம்மதியாக நின்று வேலை செய்யலாம். அதே அடுக்கில் கீழேயிருந்த காலி ஆக்சிஜன் டேங்க் குப்பைத் தொட்டியானது. மூன்று குழுக்கள் 28, 59, 84 நாட்கள் அங்கே வாழ்ந்தன.

இஸ்ரோ வேறு வழியில் போகிறது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் அடுக்குக்குள் யாரும் நுழைய வேண்டியதில்லை, ஆய்வுக் கருவிகளை வெளியிலேயே பொருத்தி, சோலார் பேனலும் நிலைதவறாமல் பிடிக்கும் கட்டுப்பாடும் கொடுத்து, போயம் என்று பெயரிட்டுச் சில காலம் வேலை வாங்குகிறார்கள். 2024 டிசம்பர் 30இல் போன போயம்-4இல், ஒரு மூடிய பெட்டிக்குள் எட்டு தட்டைப்பயறு விதைகள் இருந்தன. நான்கே நாளில் முளைத்தன, பிறகு இலையும் விட்டன.