அறுகோணத்தை வரைவதற்கு முன்

மானுடப் புவியியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஊர்கள் நிலத்தில் எப்படிப் பரவி அமைகின்றன என்று விளக்கும் மைய இடக் கோட்பாட்டைத் தந்த ஜெர்மானியப் புவியியலாளர் கிறிஸ்டாலரின் அறுகோணங்கள் அளவுகோல் வைத்து அழகாக வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு அறுகோணமும் ஒரு மைய ஊருக்குப் பொருள் வாங்க மக்கள் வரும் பகுதி. நகரம், சிறுநகரம், கிராமம் எல்லாம் சரியான புள்ளியில் இருக்கும். ஆனால் அது ஏன் அறுகோணம், வட்டமாக இருந்தால் என்ன என்று வகுப்பில் கேட்டால் பலருக்கும் பதில் வராது.

வட்டங்களை அடுக்கினால் இடையில் யாருக்கும் சேராத துண்டு நிலம் மிஞ்சும், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இடைவெளி விடாமல் நிலத்தை நிரப்பும் ஒழுங்கான வடிவங்களில் வட்டத்துக்கு மிக நெருக்கமானது அறுகோணம். எல்லோரும் மிக அருகிலுள்ள மையத்துக்கே போவார்கள், நிலம் சமதளம், எந்தத் திசையிலும் பயணச் செலவு ஒன்றே என்று வைத்துக்கொண்டால்தான் இந்த வடிவம் கிடைக்கும். அந்த அனுமானங்களை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் படித்தால் கோட்பாட்டைப் படித்ததாக ஆகாது.

இதற்கு மிகச் சிறந்த பாடம் வான் தூனன். நகரத்தைச் சுற்றியுள்ள நிலம் எதற்கு எங்கே பயன்படும் என்பதை வளையம் வளையமாக விளக்கும் நூலை 1826-இல் வெளியிட்டவர். வடக்கு ஜெர்மனியில் டெல்லோ என்ற பண்ணையை நடத்தி, வரவு செலவைத் தானே எழுதிவைத்தவர். அவருடைய மாதிரியில் நகரத்தை ஒட்டிய முதல் வளையத்தில் பாலும் காய்கறியும். இரண்டாவது வளையத்தில் காடு! நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் காடா என்று இன்றைய மாணவர் திகைப்பது நியாயம்தான். அன்று விறகுதான் எரிபொருள். எடை அதிகம், விலை குறைவு, ஏற்றிச் செல்ல மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ. தூரத்திலிருந்து கொண்டுவந்தால் வண்டிக்கூலிக்கே கட்டாது. தானியம் கொஞ்சம் தொலைவு தாங்கும். அதிலும் வழியில் குதிரைகள் தின்னும் தீனியைக்கூட அவர் கணக்கில் சேர்த்தார். கடைசி வளையத்தில் கால்நடை, ஏனென்றால் அது சந்தைக்குத் தன் காலாலேயே நடந்து வந்துவிடும்.

ரயில் வந்ததும், நிலக்கரி வந்ததும் காட்டு வளையத்துக்கான காரணம் போய்விட்டது. ஆனாலும், போக்குவரத்துச் செலவு மாறினால் நிலப் பயன்பாடு மாறும் என்ற அடிப்படைத் தர்க்கம் நிற்கிறது. படகு செல்லும் ஆறு ஒன்று குறுக்கே ஓடினால் வளையங்கள் அதன் கரையோரமாக நீளும் என்று வான் தூனனே காட்டியிருக்கிறார். தன் அனுமானத்தைத் தானே தளர்த்திப் பார்த்த அந்தப் பகுதியைத்தான் மாணவர்கள் அதிகம் படிக்க வேண்டும்.

நகரம் மையத்திலிருந்து வளையம் வளையமாக விரியும், வசதியானவர்கள் வெளி வளையங்களில் வாழ்வார்கள் என்று சொல்லும் பர்ஜெஸின் 1925-ஆம் ஆண்டு மாதிரி சிகாகோவை வைத்து உருவானது. அங்கேயே ஏரி குறுக்கிடுவதால் வளையம் பாதிதான். பாரிஸில் வசதியானவர்கள் பலர் மையத்திலேயே வாழ்கிறார்கள். நகரம் சாலைகளை ஒட்டி ஆப்புத் துண்டுகளாக விரியும் என்ற ஹோய்ட்டின் துறை மாதிரி (1939), நகரம் ஒன்றல்ல, பல மையங்களைச் சுற்றி வளரும் என்று ஹாரிஸும் உல்மனும் தந்த பல்கரு மாதிரி (1945) ஆகியவற்றைப் பர்ஜெஸுடன் ஒப்பிட்டு எழுதினால் போதும். தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பிறப்பு, இறப்பு விகிதங்கள் உயர்ந்த நிலையிலிருந்து படிப்படியாகத் தாழ்ந்த நிலைக்கு வரும் என்று சொல்லும் மக்கள்தொகை மாறுதல் கோட்பாட்டில்தான் எனக்குக் கவலை அதிகம். தாம்சன் 1929-இலும் நோட்ஸ்டீன் 1945-இலும் முன்வைத்த கருத்துகள் பெரும்பாலும் மேற்கத்திய நாடுகளின் அனுபவத்திலிருந்து பிறந்தவை. அதை எல்லா நாடுகளும் ஏறியே ஆக வேண்டிய படிக்கட்டாகப் பலர் எழுதுகிறார்கள். தென் கொரியாவில் 1960 வாக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். 2018-இல் ஒன்றுக்கும் கீழே. மேற்கு ஐரோப்பா நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட மாற்றம் இது. தவிர, இந்தக் கோட்பாட்டில் இடப்பெயர்வுக்கு இடமே இல்லை. ஆட்கள் வந்து குடியேறுவதால் வளரும் நாட்டை இதை மட்டும் வைத்து விளக்க முடியாது.

மாதிரியைக் கட்டளையாக மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1933-இல் தென் ஜெர்மனியை ஆராய்ந்து மைய இடக் கோட்பாட்டை எழுதிய அதே கிறிஸ்டாலர், பின்னர் நாஜி ஆட்சியின் திட்ட அலுவலகத்துக்காக, ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் குடியிருப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை செய்தார். அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களை விரட்டிவிட்டு ஜெர்மானியரைக் குடியேற்றும் திட்டம் அது. வெற்றுச் சமதளம் என்பது தாளில் ஓர் அனுமானம். மக்கள் வாழும் மண்ணில் அதை உண்மையாக்கப் போனால் அது கொடுமை. இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் கோட்பாட்டைக் கற்பிக்க எனக்கு மனம் வருவதில்லை.

ராவென்ஸ்டீனை வேறு விதமாகப் படிக்க வேண்டும். 1885-இல் அவர் வகுத்த இடப்பெயர்வு விதிகள் அனுமானத்திலிருந்து தொடங்கவில்லை. பிரிட்டனின் 1871, 1881 கணக்கெடுப்புகளில் பதிவான பிறந்த இடத் தகவலிலிருந்து வந்தவை. பெரும்பாலானோர் குறுகிய தூரமே நகர்கிறார்கள் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். உள்நாட்டுக்குள் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இடம்பெயர்கிறார்கள் என்று அவர் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்வி தரவைப் பற்றியது. பிறந்த ஊரும் கணக்கெடுப்பின்போது இருந்த ஊரும் மட்டும் பதிவாகியிருந்தால், நடுவில் நாலு ஊர் மாறியவரும் ஒரே தடவை நகர்ந்தவராகத்தான் தெரிவார். ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்தவரோ நகராதவராகவே கணக்கில் வருவார்.