முப்பதடி ரோடு எங்கே போய் முடிகிறது?

பாளையங்கோட்டைக்குத் தெற்கே அடுத்தடுத்த இரண்டு மனைப்பிரிவுகளின் சாலைகள் ஒரே மதிலில் எதிரெதிரே முட்டி நிற்கின்றன. மதிலுக்கு அப்பால் பள்ளி மணி அடிப்பது காதில் விழும்; பிள்ளைகளோ நெடுஞ்சாலை ஏறிச் சுற்றித்தான் போகவேண்டும். இத்தகைய மனைகளுக்கு வீட்டு வரைபடம் கேட்டு வருபவர்கள் பெருகிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

"டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கிறது, முப்பதடி ரோடு இருக்கிறது, வேறென்ன சார் வேண்டும்?" என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அகலம் வேறு, இணைப்பு வேறு. வாசலில் லாரி திரும்புமா என்பதை அகலம் சொல்லும். அந்த வாசலிலிருந்து வெளியேற எத்தனை வழி உண்டு என்பதைச் சொல்லாது. பக்கத்து வயல் நாளை மனையாகும்போது இரண்டு சாலைகளும் சேரும் என்பதற்கு அப்ரூவலும் உத்தரவாதம் அன்று. நெல்லை டவுனில் ரத வீதிகளை ஒட்டிய தெருக்கள் பல இவற்றைவிடக் குறுகலானவை. ஆயினும் ஆனித் தேரோட்டத்தில் ரத வீதிகள் அடைபடும்போது மக்கள் அந்தத் தெருக்கள் வழியாகத்தான் வந்து போகிறார்கள். தெருக்குத்து உண்டா என்று பலரிடம் விசாரிப்பவர்கள், தெரு எங்கே போகிறது என்று ஒருவரிடமும் கேட்பதில்லை.

விற்பவர் ஒன்றிரண்டு சர்வே எண்களை வாங்கிப் பிரிக்கிறார். சாலை சர்வே கல்லோடு நின்றுவிடுகிறது. பாளையங்கால்வாய் போன்ற வாய்க்கால் குறுக்கிட்டால், பாலம் கட்டும் பொறுப்பை இரு கரையிலும் யாரும் ஏற்பதில்லை. பக்கத்து நிலத்துக்காரர் இணைந்துவிடக் கூடாது என்று சாலை முனையில் ஓரடி நிலத்தைத் தம் பெயரிலேயே வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

முன்பணம் கொடுக்குமுன் மனைப்பிரிவு வரைபடத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை சாலைகள் கூடுகின்றன என்று எண்ணுங்கள்: முட்டுச்சந்துக்கு ஒன்று, முச்சந்திக்கு மூன்று, நாற்சந்திக்கு நான்கு. ஒன்றுகள் மிகுந்தால் இணைப்பு குறைவு என்று பொருள். அமெரிக்காவின் ஒரு நூற்றாண்டுத் தெருக்களை ஆராய்ந்தவர்கள் இப்படி எண்ணித்தான், அங்கே முட்டுச்சந்துப் பெருக்கம் 1994 வாக்கில் உச்சம் தொட்டுப் பிறகு குறைந்தது என்று 2015இல் வெளியிட்டார்கள். குறைந்தது புதிய தெருக்களில்தான். போட்ட தெருவை மாற்றுவது எளிதன்று. கிராம வரைபடத்தையும், சர்வே எண்ணின் எல்லை காட்டும் புலப்படத்தையும் எடுத்து, முட்டும் சாலைக்கு அடுத்த சர்வே எண் யாருடையது என்று பாருங்கள். சாலைகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டனவா என்றும் கேளுங்கள்.

ஏற்கெனவே குடியேறியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து மனைப்பிரிவின் சாலை உங்கள் சாலையைத் தொட வரும்போது, திருட்டுப் பயம் என்று சொல்லி மதில் எழுப்பத் தீர்மானம் போடாதீர்கள். தானப் பத்திரம் பதிவான சாலை பொதுச்சாலை. அதை அடைக்க நலச்சங்கத்துக்கு உரிமை இல்லை.