ஒரு வார வியப்பு, முப்பது வருட வழக்கு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கமேனியா என்றொரு கவுண்டி இருக்கிறது. நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி, பெரும்பாலும் காடு. 1969 ஏப்ரல் 1 அன்று அதன் ஆணையர்கள் கூடி ஒரு சட்டம் போட்டார்கள். பிக்ஃபுட், அதாவது அந்தக் காடுகளில் இரண்டு காலில் நடமாடுவதாகச் சொல்லப்படும் ராட்சதக் குரங்கு மனிதன். அதைக் கொல்பவருக்கு 10,000 டாலர் வரை அபராதம், 5 வருடம் வரை சிறை. தேதியைப் பார்த்தால் சிரிப்பு வரும். காரணத்தைக் கேட்டால் அவ்வளவாக வராது. காலடித் தடம் பார்த்தேன், உருவம் பார்த்தேன் என்று பேச்சு பரவி, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் காட்டுக்குள் திரிய ஆரம்பித்திருந்தார்கள். எவனாவது எவனையாவது பிக்ஃபுட் என்று நினைத்துச் சுட்டுத் தொலைப்பானே என்பது அவர்களுடைய கவலை.

பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்த கதைதான். ஆனாலும் அந்த விலங்கு இருக்கிறதா என்று தெரியாமலே, அது இருந்துவிட்டால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை அவர்கள் ஓரளவு சரியாகவே கணித்திருந்தார்கள்.

எனக்கு பிக்ஃபுட் மீது நம்பிக்கை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டில் வாழும் பேருருவ மனிதனைப் பற்றிய கதைகள் கனடாவின் பசிபிக் கரையோரப் பழங்குடிகளிடம் வெகுகாலமாக உண்டு. பிக்ஃபுட்டின் இன்னொரு பெயரான சாஸ்க்வாட்ச் அங்குள்ள ஹால்கோமெலெம் மொழியிலிருந்து வந்ததுதான். ‘பிக்ஃபுட்’ என்ற பெயருக்கு அவ்வளவு வயதில்லை. 1958ல் வட கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக் பகுதியில் சாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் ராட்சதத் தடங்களைக் கண்டார்கள். உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று அந்தப் பெயரைப் பரப்பியது. அந்தச் சாலை வேலையின் ஒப்பந்ததாரர் ரே வாலஸ் 2002ல் இறந்த பிறகு, மரத்தில் செதுக்கிய பெரிய பாதங்களைக் குடும்பத்தார் எடுத்துக் காட்டினார்கள். விளையாட்டுக்காக அவர் பதித்த தடங்களாம்.

சரி, ஒரு பேச்சுக்கு, நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். எப்படித் தெரியவரும்?

வீடியோவால் தெரியவராது. அதே பிளஃப் கிரீக்கில் 1967 அக்டோபரில் எடுத்த ஒரு நிமிடம்கூட ஓடாத 16 மி.மீ. படத்தை வைத்துக்கொண்டு இன்றுவரை சண்டை நடக்கிறது. இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. உண்மையான பிக்ஃபுட்டே கேமரா முன்னால் வந்து கையாட்டினாலும் ‘எந்த ஆப்பில் செய்தீர்கள்?’ என்றுதான் கேட்பார்கள். சொல்பவர் யார் என்பதும் போதாது. 2019 ஏப்ரலில் மகாலு மலை முகாம் அருகே 32 அங்குல நீளத்தில் ‘எட்டி’ எனும் இமயமலைப் பனிமனிதனின் தடங்களைக் கண்டதாக இந்திய ராணுவமே ட்வீட் போட்டது. கிடைத்தது மீம்ஸ்.

ஆக மிச்சமிருப்பது முடியும் எலும்பும் சதையும். அங்கேயும் இதுவரை கதை ஒரே மாதிரிதான். பிக்ஃபுட் தேடலில் இறங்கியிருந்த ஒருவர் 1976ல் எஃப்பிஐ-க்கு முடிகளை அனுப்பினார். ஆய்வு செய்து, மான் குடும்பத்து முடி என்று பதில் எழுதினார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ், உலகெங்கும் பிக்ஃபுட், எட்டி என்று பத்திரப்படுத்தி வைத்திருந்த முடிகளை அனுப்பச் சொல்லி அழைப்பு விடுத்தார். 2014ல் முடிவு வந்தது. கரடி, மாடு, குதிரை, ரக்கூன், முள்ளம்பன்றி என எல்லாம் வந்தன. மனித முடியும் வந்தது. புதுக் குரங்கு மட்டும் வரவில்லை.

நிரூபணம் என்று ஒன்று வந்தால் அது இப்படித்தான் வரும்: ஆய்வகத்தில் ஒரு டிஎன்ஏ வரிசை, தெரிந்த எந்த இனத்தோடும் பொருந்தாமல், ஆனால் மனிதக் குரங்குகளின் கிளைக்கு நடுவே போய் உட்காரும். இன்னொரு ஆய்வகம் சோதிக்கும். மூன்றாவது ஆய்வகமும் கேட்கும். 1799ல் வாத்து மூக்கு கொண்ட ஆஸ்திரேலிய விலங்கான பிளாட்டிபஸை முதன்முதலில் விவரித்த ஜார்ஜ் ஷா, இது யாராவது ஒட்டுப்போட்ட ஏமாற்று வேலையோ என்ற சந்தேகத்தையும் சேர்த்தே எழுதி வைத்தார். அந்தச் சந்தேகம் வாத்து மூக்குக்கு வந்தது. எட்டடிக் குரங்குக்கு இன்னும் அதிகமாகவே வரும்.

முடிவு உறுதியானதும் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று ஊகிக்க உளவியலில் கொஞ்சம் பிடிமானம் இருக்கிறது. நம் வீடுகளில் தினம் கேட்கும் ஒரு வாக்கியம்தான்: “நான் அப்பவே சொன்னேன்ல?” பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தவர். 1972ல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போகும் முன், என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று இஸ்ரேலில் மாணவர்களைக் கணிக்கச் சொன்னார். பயணம் முடிந்த பிறகு, நீங்கள் அன்று என்ன எண் போட்டீர்கள் என்று நினைவிலிருந்து எழுதச் சொன்னார். நடந்துவிட்ட சம்பவங்களுக்கு, தாங்கள் உண்மையில் போட்டதைவிடக் கூடுதலான எண்ணைப் போட்டதாகப் பெரும்பாலோர் நினைவுகூர்ந்தார்கள். இது பொய் சொல்வதல்ல. விடை தெரிந்ததும் மூளை பழைய ஊகத்தின் மேல் சத்தமில்லாமல் புதுப் பூச்சு பூசிவிடுகிறது.

அதனால் பிக்ஃபுட் உறுதியான மறுநாள், நேற்றுவரை சிரித்தவர்களில் பாதிப்பேர் ‘இருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம் இருந்துச்சு’ என்பார்கள். ஐம்பது வருடமாகத் தேடியவர்களின் நிலைமைதான் பரிதாபம். அவர்கள் சொன்ன மாதிரி விலங்கு இருக்காது. உயரம் குறையும், நிறம் மாறும், அவர்கள் வைத்திருக்கும் தடங்களில் முக்கால்வாசி பொருந்தாது. அரசு எதையோ மறைக்கிறது என்று ஒரு பிரிவு கிளம்பும். நம்பிக்கை அற்றவர்களிலும் ஒரு கூட்டம் டிஎன்ஏ மாதிரி கலப்படம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அப்படி முடிவுக்கு வராமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

மக்கள் அலறியடித்து ஓடுவார்களா? வாய்ப்பு குறைவு. வேற்றுலக உயிர் கண்டுபிடிக்கப்பட்டால் என்ன ஆகும் என்று மைக்கேல் வார்னம் என்ற உளவியலாளரின் குழு 2018ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. செவ்வாயிலிருந்து வந்த விண்கல்லில் உயிரின் தடயம் என்று 1996ல் பரபரப்பானது நினைவிருக்கலாம். அது போன்ற செய்திகளுக்கு வந்த எதிர்வினைகளின் மொழியை அலசினார்கள், மக்களிடமும் கேட்டார்கள். எதிர்மறை உணர்வுகளைவிட நேர்மறை உணர்வுகளே மேலோங்கி இருந்தன.

பயம் வேறு இடத்தில் பிறக்கிறது. 2001 மே மாதம் டெல்லியை உலுக்கிய ‘குரங்கு மனிதன்’ நினைவிருக்கிறதா? கோடைக் காலம், மின்வெட்டு, மொட்டை மாடிகளில் தூக்கம். இருட்டில் யாரோ பிறாண்டினார்கள் என்று ஒரு புகார்; அடுத்தடுத்து நூற்றுக்கணக்கில். ஒருவர் ஹெல்மெட் போட்டிருந்தது என்றார், இன்னொருவர் இரும்பு நகம் என்றார். போலீஸ் படம் வரைந்து வெளியிட்டது. பதறி ஓடி மாடியிலிருந்து விழுந்து சிலர் செத்தே போனார்கள். கடைசியில் அப்படி ஓர் உயிர் இல்லை. உயரம் இவ்வளவு, தின்பது இது, பகலில் தூங்கும் என்று ஒரு தகவல் பலகை வைத்துவிட்டால் எந்த மிருகமும் பாதி சாதுவாகிவிடும். புலியோடு ஒரே காட்டில் வாழ்கிற ஊர்கள் நம்மிடமே இருக்கின்றன.

வியப்பு ஒரு வாரம், அதிகம் போனால் ஒரு மாதம். அதற்குப் பிறகுதான் உண்மையான எதிர்வினை ஆரம்பிக்கும். அது எப்படி இருக்கும் என்பதை அதே காடு ஏற்கெனவே ஒத்திகை பார்த்துவிட்டது. ஓர் ஆந்தையை வைத்து.

வடக்குப் புள்ளி ஆந்தையின் எடை சுமார் 600 கிராம். நாட்டுக்கோழி எடைகூட இல்லை. வாஷிங்டன், ஒரிகன், வட கலிஃபோர்னியா பகுதிகளில் நூற்றுக்கணக்கான வயதுள்ள டக்ளஸ் ஃபிர் மரங்களின் பொந்துகளில் கூடு வைக்கும். ஒரு ஜோடிக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் முதிர்ந்த காடு வேண்டும். மர வியாபாரிகளுக்கும் அதே முதுமரங்கள்தான் வேண்டும். 1990ல் அமெரிக்க அரசு இந்த ஆந்தையை அழிவை நோக்கிப் போகும் இனமாகப் பட்டியலில் சேர்த்தது. 1991ல் சியாட்டிலின் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் டுவையர், ஆந்தையின் காடுகளில் அரசு மர ஏலத்தை நிறுத்தி வைத்தார். மரம் அறுக்கும் மில்களை நம்பியிருந்த சிற்றூர்கள் கொதித்தன. ‘மரவெட்டியைக் காப்பாற்று, ஆந்தையைத் தின்னு’ என்று கார்களில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இது மரப் பணத்தில் வாழும் குடும்பம் என்று வீட்டு ஜன்னல்களில் மஞ்சள் அட்டை தொங்கியது. மில்களில் இயந்திரங்கள் பெருகியதாலும் அறுக்காத மரமாகவே ஏற்றுமதி ஆனதாலும் வேலைகள் முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தன என்று எடுத்துச் சொன்னவர்கள் உண்டு. அதை அப்போது யார் கேட்டார்கள்? திட்டுவதற்கு ஆந்தைக்கு ஒரு முகம் இருந்தது, இயந்திரத்துக்கு இல்லை. 1993ல் அதிபர் கிளிண்டனே போர்ட்லாந்துக்கு வந்து இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். 1994ல் சுமார் 2.4 கோடி ஏக்கர் அரசு நிலத்துக்கு ஒரு காட்டுத் திட்டம் வந்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. கிழக்கிலிருந்து பரவிவந்த வரி ஆந்தை என்ற இன்னோர் இனம் புள்ளி ஆந்தையை விரட்ட ஆரம்பித்தது. 30 ஆண்டுகளில் சுமார் 4.5 லட்சம் வரி ஆந்தைகள் வரை சுட்டுக் குறைக்கும் திட்டத்தை 2024ல் அரசு இறுதி செய்தது. அதற்கும் எதிர்ப்பு கிளம்பியது.

இப்போது ஆந்தை இருந்த இடத்தில் பிக்ஃபுட்டை வையுங்கள். பிளஃப் கிரீக், ஸ்கமேனியா எல்லாம் அதே காடுகள்தான். ஒன்று இருந்தால் ஒன்று மட்டும் இருக்க முடியாது. அதற்கு அம்மா அப்பா வேண்டும், அவர்களுக்கும் வேண்டும். இயான் ஃபிராங்க்ளின் என்ற மரபியலாளர் 1980ல் சொன்ன தோராயக் கணக்கு இன்றும் பயன்படுகிறது: நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனம்பெருகுவதால் வரும் கேட்டைத் தற்காலிகமாகத் தவிர்க்கவே இனம்பெருக்கும் நிலையில் 50 விலங்குகள், நீண்டகாலம் நிலைக்க 500. பெரிய குரங்குகள் மெதுவாகவே பெருகும். ஒராங்குட்டான் தாய் ஏழெட்டு வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும். அந்த வேகத்தில், அந்த உடம்போடு, யார் கண்ணிலும் படாமல் பிழைத்த ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு காடு ஒதுக்குவது? 1973ன் அருகிவரும் இனங்கள் சட்டப்படி, உடனடி ஆபத்து என்றால் வழக்கமான நடைமுறைக்குக் காத்திராமல் 240 நாட்களுக்கு அவசரப் பாதுகாப்பு கொடுக்கலாம். 241வது நாளுக்கு முன்பே இரு தரப்பு வக்கீல்களும் தயாராக இருப்பார்கள்.

அதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று இருக்கிறது. ஸ்கமேனியா ஆணையர்கள் 1984ல் தங்கள் சட்டத்தைத் திருத்தியபோது அதைத் தொட்டார்கள். பிக்ஃபுட் ஒன்று கொல்லப்பட்டால், சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி உடலைப் பரிசோதிக்க வேண்டும். மனிதக் குரங்கு வகை என்று அவர் சொன்னால், கவுண்டியின் சட்டப்படி வழக்கு. மனித வகை என்று சொன்னால், கொலை வழக்கு. உள்ளூர்ச் சட்டம் ஒன்றில் இப்படி ஒரு பிரிவை நான் வேறெங்கும் படித்ததில்லை. 2022ல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம், பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் இருந்த ஹேப்பி என்ற யானை சட்டத்தின் கண்ணில் ‘நபர்’ அல்ல என்று 5க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. யானை விஷயத்திலேயே இரண்டு நீதிபதிகள் மறுபக்கம் போனார்கள். இரண்டு காலில் நடக்கும் ஒன்றுக்கு எத்தனை பேர் போவார்கள்?

அந்தப் பிரிவில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது: முடிவு தெரிய முதலில் ஒன்று சாக வேண்டும். அறிவியலிலும் கிட்டத்தட்ட அதே கதை. புது இனத்துக்குப் பெயர் வைக்க வழக்கமாக ஒரு மாதிரி உடல் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும். மலை கொரில்லா 1902ல் வெளியுலகுக்குத் தெரியவந்தது, ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரி அதைச் சுட்டதால். பிறகு அருங்காட்சியகங்கள் வரிசையில் நின்றன. 1921ல் நியூயார்க் அருங்காட்சியகத்துக்காக கார்ல் ஏக்லி போய்ச் சுட்டு வந்தார். செத்துக் கிடந்த கொரில்லாவைப் பார்த்தபோது, கொலைகாரன் போல் உணராமல் இருக்கத் தன் அறிவியல் ஆர்வம் முழுவதும் தேவைப்பட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு பெல்ஜிய அரசரிடம் அதே ஏக்லி வாதாடியதன் பலனாக 1925ல் கொரில்லாக்களுக்கு ஒரு தேசியப் பூங்கா கிடைத்தது. அன்று கொன்ற கொரில்லாக்கள் இன்னும் நியூயார்க்கில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன.

இவ்வளவும் கற்பனை என்று தோன்றினால், ஒரு தகவல். பெரிய மனிதக் குரங்கு இனம் ஒன்று புதிதாக நிரூபிக்கப்பட்டுச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன. 2017 நவம்பர். 1929ல் பெல்ஜியத்து அருங்காட்சியகத்தின் மண்டையோட்டிலிருந்து போனோபோ அடையாளம் காணப்பட்ட பிறகு இதுதான் அடுத்தது. பெயர் தபனூலி ஒராங்குட்டான். இந்தோனேசியாவின் வடக்கு சுமத்ராவில் பாத்தாங் தோரு என்ற மலைக்காடுதான் அதன் முக்கிய இருப்பிடம். மொத்தம் 800க்கும் குறைவு. உள்ளூர்க்காரர்களுக்கு எப்போதும் தெரிந்த விலங்கு. ஆய்வாளர்கள் அங்கு போனது 1997ல். வேறு இனம் என்று மண்டையோடும் பல்லும் மரபணுவும் சொல்ல இன்னும் 20 வருடம் ஆனது. உலகச் செய்திகளில் சில நாள் ஓடியது. அதன் காட்டுக்குள் 510 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்று வந்துகொண்டிருந்தது. சூழலியலாளர்கள் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள், அணை வேலை தொடர்ந்தது.

அந்த இனத்தின் மாதிரி உடல் ஓர் ஆணுடையது. 2013 நவம்பரில் ஊர்க்காரர்களோடு ஏற்பட்ட மோதலில் காயம்பட்டு, மீட்டவர்கள் ராயா என்று பெயர் வைத்து, சில நாளில் இறந்துபோனது. அப்போது எல்லோருக்கும் அது இன்னொரு சுமத்ரா ஒராங்குட்டான்தான். எலும்புக்கூடு இப்போது போகோர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.