ஆற்றில் விடும் குஞ்சு யார் வீட்டுக் குஞ்சு?

ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது தஞ்சைப் பக்கத்து மீன் விதைப்பண்ணைக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். விற்றது போக ரோகு கெண்டைக் குஞ்சுகள் தொட்டியில் மிச்சம் இருந்தன. "காவிரியில் விட்டுவிடலாமா சார்? நல்ல நாள், புண்ணியமாகப் போகும்."

வேண்டாம் என்றேன். ஏன் என்றார். தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. மீன் மரபியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி வருடம் தவறாமல் யாரிடமிருந்தாவது வந்துவிடுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

காவிரியில் திமில் மகசீர் என்று ஒரு மீன் உண்டு. தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் உயர்ந்து நிற்கும். துடுப்பு ஆரஞ்சு நிறம். 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. காவிரியும் அதன் துணையாறுகளும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன். வெடி, விஷம், அணை, மணல் அள்ளுதல் எல்லாம் சேர்ந்து ஆற்றில் மகசீர் குறைந்துபோனது. மீட்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், சில பத்தாண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பண்ணையில் பொரித்த மகசீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். அவையும் மகசீர்தான், ஆனால் நீலத்துடுப்பு மகசீர். கிருஷ்ணா படுகையின் மீன்.

வந்த மீன் நன்றாகவே பெருகியது. மகசீர் நிறையச் சிக்குகிறது என்று தூண்டில்காரர்கள் மகிழ்ந்தார்கள். பிடித்து எடைபோட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடுகிற அவர்கள், ஒவ்வொரு மீனையும் குறித்து வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் பிறகு இனவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கூடியதெல்லாம் நீலத்துடுப்பு. திமில் மகசீர் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. இரண்டையும் மகசீர் என்று ஒரே பத்தியில் எழுதியதால், மண்ணின் மீன் மறைந்துகொண்டிருந்தது கணக்கில் தெரியவே இல்லை.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. அத்தனை புகழ் பெற்ற அந்த மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர் இல்லை. பெயர் இல்லாத மீனை அழிவுப் பட்டியலில் எளிதில் சேர்க்க முடியாது. ரேஷன் அட்டை இல்லாதவருக்கு அரிசி கிடையாது என்பதுபோல. கேரளத்தின் சின்னாறு சரணாலயத்துப் பாம்பாற்றில் பிடித்த சிறு மீன்களுக்கு முன்பே 'டோர் ரெமதேவி' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். மோயாற்றில் எஞ்சியிருந்த திமில் மகசீரும் அதே இனம்தான் என்று 2018இல் டிஎன்ஏவும் உடலமைப்பும் சேர்ந்து காட்டின. பாம்பாறு எங்கே, மோயாறு எங்கே என்று தோன்றும். பாம்பாற்றுத் தண்ணீர் அமராவதியாகி, சங்கப் பாட்டின் ஆன்பொருநையாகி, கரூர் அருகே காவிரியில் விழுகிறது. மோயாறு பவானி வழியாக வருகிறது. ஒரே குடும்பத்துத் தண்ணீர். அந்த ஆண்டே மீன், அழியும் உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய இனம்' ஆனது.

"நான் விடப்போவது மகசீர் இல்லையே சார், ரோகுதானே" என்றார் பண்ணைக்காரர்.

ரோகு வடக்கே கங்கைச் சமவெளியின் மீன். காவிரிக்கு அதுவும் விருந்தாளிதான். வந்து வெகுகாலம் ஆனதால் வீட்டுக்காரர்போல் தெரிகிறது. (வீட்டுத் தொட்டியில் அடங்காமல் வளர்ந்த டேங்க் கிளீனரை இரவோடு இரவாக ஏரியில் விட்டுவிட்டு வருகிறவர்களைப் பற்றி இன்னொரு நாள் திட்டி எழுதுகிறேன்.) அவருடைய ரோகுவைப் பற்றி எனக்கு வேறு ஒரு கவலையும் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், வால் வளைந்த குஞ்சுகளை ஒரு பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். பொரிப்பும் குறைந்துவிட்டது என்றார். வால் வளைவுக்குத் தீவனம், தண்ணீர், சூடு என்று பல காரணம் உண்டு. அவற்றைப் பார்த்து முடித்த பிறகு, தாய்மீன் குளத்துக்குப் போனோம். குஞ்சு எடுப்பதற்காக வளர்க்கும் மீன் ஆணானாலும் பெண்ணானாலும் தாய்மீன்தான்.

மாதிரி எடுப்பது சின்ன வேலை. மீனை ஈரத்துணியில் கிடத்தி, துணியாலேயே கண்ணை மூடினால் துள்ளாது. துடுப்பின் ஓரத்தில் ஒரு உளுந்து அளவுக்கு வெட்டினால் போதும். அது திரும்ப வளர்ந்துவிடும். மீனுக்கு மீன் கத்தரிக்கோலைத் துடைத்துச் சுடரில் காட்ட வேண்டும். துணுக்கு 95 விழுக்காடு எத்தனாலில் போக வேண்டும், பார்மலினில் போகக் கூடாது. என் முதல் வருடத்தில் ஒரு வாரம் ஆறு ஆறாக அலைந்து சேர்த்த மீன்களைப் பார்மலினில் ஊற வைத்தவன் நான். மீன் பொம்மைபோல அப்படியே இருந்தது. உள்ளே டிஎன்ஏ புரதத்தோடு பின்னிக்கொண்டு, துண்டுதுண்டாகி, ஒன்றுக்கும் உதவவில்லை. இன்னொன்று: குப்பிச் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மையை எத்தனால் கரைத்துவிடும். அப்புறம் எந்த மீன் எது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

டிஎன்ஏவில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. மைக்ரோசாட்டிலைட் என்போம். எத்தனை முறை திரும்புகிறது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அவருடைய குளத்தில் அது மாறவே இல்லை. அறுபது தாய்மீன்களும் இரண்டு மூன்று ஜோடிகளின் வழி வந்தவை என்றே முடிவு காட்டியது.

"தாய்மீன் எங்கே வாங்கினீர்கள்?"

"வெளியே எதற்கு வாங்க வேண்டும் சார்? ஒவ்வொரு வருடமும் நம் குளத்திலேயே பெரிதாக வளர்ந்ததைப் பார்த்து எடுத்து வைப்பேன்."

"பங்காளி வீட்டில் பெண் எடுப்பீர்களா?"

"அக்காள் மகளைக் கட்டுகிறோமே சார்" என்றார், சிரிக்காமல். எனக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரமானது.

அவர்மேல் தவறு சொல்ல முடியாது. ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் முட்டை இடுகிற மீன் ரோகு. பத்துப் பெண்மீன் இருந்தால் பருவத்தை ஓட்டிவிடலாம் என்னும்போது நூறு மீனுக்கு யார் தீவனம் போடுவார்கள்? 1957இல் ஒடிசாவில் மீன் ஆய்வாளர்கள் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞும், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அதற்கு முன் விதை ஆற்றிலிருந்து அள்ளியது. எண்ணற்ற தாய் தகப்பனின் கலவை. ஊசி வந்த பிறகு விதை பெருகியது, பெற்றோர் சுருங்கினார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஆண் எண்ணிக்கையைப் பெண் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த மீனால் வகுங்கள். 100 பெண், 4 ஆண் என்றால் விடை 15. குளத்தில் நிற்பது 104 மீன். மரபணுவைப் பொறுத்தவரை அது 15 மீன் உள்ள குளம்தான். அதிலும் அவை அண்ணன் தங்கைகளாக இருந்துவிட்டால் 15கூட இல்லை. இப்படிப்பட்ட குளத்துக் குஞ்சை லட்சக்கணக்கில் ஆற்றில் கொட்டினால், அங்கே தானாக இனம் பெருக்கும் மீன்களோடும் இந்த ஒரே குடும்பம் கலந்துவிடும்.

தாய்மீனைத் தேர்ந்தெடுப்பது என்ற இதே கருவியை நேராகப் பிடித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஜெயந்தி ரோகு சாட்சி. புவனேஸ்வரத்தின் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1992இல் நார்வே நிபுணர்களோடு சேர்ந்து தொடங்கிய வேலை அது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா என்று ஐந்து ஆற்று மீன்களையும் பண்ணை மீனையும் கலந்து தொடங்கினார்கள். குடும்பம் குடும்பமாக அடையாளம் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். தலைமுறைக்கு 17 விழுக்காடு அளவுக்கு வளர்ச்சி கூடியது. நம் பண்ணைக்காரர் செய்ததும் தேர்வுதான். அவரிடம் நோட்டுப் புத்தகம் இல்லை, அவ்வளவே. ஆனால் ஒன்று: ஜெயந்தியும் குளத்துக்கான மீன். குளத்தில் வேகமாக வளர்வது ஒரு திறமை, வெள்ளத்தில் பிழைப்பது வேறு திறமை. ஆற்றில் விட்டே ஆக வேண்டும் என்றால் அந்த ஆற்றின் சொந்த மீனையே தாய்மீனாகப் பிடித்து, டிஎன்ஏ பார்த்து, பல ஜோடிகளைச் சேர்த்து எடுத்த குஞ்சை விட வேண்டும். செலவு பிடிக்கும், நாளும் பிடிக்கும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் விடாமல் இருப்பதே மேல் என்பது என் கட்சி.

அவர் இப்போது நோட்டு போட்டுவிட்டார். மூன்று வெவ்வேறு பண்ணைகளிலிருந்து ஆண்மீன் வாங்கிவந்து, எந்தப் பண்ணை மீன் என்று தெரியத் துடுப்பில் அடையாளம் வெட்டியிருக்கிறார். வால் வளைவு குறைந்திருக்கிறது; முழுதாகப் போகவில்லை.

ஆடிப்பெருக்கு அன்று மாலை ஒரு படம் அனுப்பினார். மிச்சக் குஞ்சுகள் ஆக்சிஜன் பைகளில், மொபெட்டின் பின்னால், பக்கத்து ஊர்க்காரரின் பண்ணைக்குட்டைக்குப் போய்க்கொண்டிருந்தன. கீழே ஒரு வரி: "மழையில் குட்டை நிரம்பி வழிந்தால் வாய்க்காலில் இறங்கி ஆற்றுக்குத்தானே சார் போகும்?"

ஐப்பசிக்கு முன் வடிகால் வாயில் கொசுவலை கட்டச் சொல்லியிருக்கிறேன்.